ஏழா, ஒன்பதா, பன்னிரண்டா? படகுத் திரையின் அளவு குறித்து

எப்போதும்வென்றான் மானாவாரிக் கரிசல். உளுந்து, பாசி, பருத்தி, கம்பு என்று மேகத்தைப் பார்த்து விதைக்கிற ஊர்க்காரன் படகுத் திரையைப் பற்றி எழுதுவதா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் ஊரிலிருந்து வண்டியை எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் தருவைக்குளத்துக் கடல் வந்துவிடும். பக்கத்து ஓட்டப்பிடாரத்தில் 1872இல் பிறந்த வ.உ.சிதம்பரனார்தான் 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். கரிசல்காரன் கடலைப் பற்றிக் கருத்துச் சொல்ல அதற்குமேல் சிபாரிசு வேண்டியதில்லை.

கேள்வி பெரும்பாலும் தடைக்காலத்தில்தான் எழும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. படகைக் கரையேற்றி, அடிப்பலகை பார்த்து, பெயின்ட் அடித்து, இன்ஜினைப் பிரித்து மாட்டுகிற கையோடு பழைய ஜிபிஎஸ்ஸையும் மாற்றிவிடலாம் என்று உரிமையாளர் நினைக்கிறார். சார்ட் பிளாட்டர் என்று பில்லில் எழுதப்படும் அந்தக் கருவி, கடல் வரைபடத்தின் மேல் படகு நிற்கும் இடத்தை ஓடஓடக் காட்டும். பல மாடல்களில் ஆழமும் மீனும் காட்டுகிற எக்கோவும் சேர்ந்தே வருகிறது. கடையில் 5, 7, 9, 12 அங்குலம் என்று அடுக்கி வைத்திருப்பார்கள். "பன்னிரண்டு போட்டாத்தான் அண்ணாச்சி, வீல்ஹவுஸ் எடுப்பா இருக்கும்" என்பார் கடைக்காரர். கூட வந்த மைத்துனர் ஏழே போதும் என்பார். விலையில் இரண்டுக்கும் நடுவே இரண்டு மூன்று மடங்கு வித்தியாசம்.

இந்த விஷயத்தில் உலகம் முழுவதும் அதிகம் கேட்கிற ஆலோசனை ஒன்றுதான்: இடம் கொள்கிற மட்டும் பெரியதாக வாங்கு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உல்லாசப் படகு வைத்திருப்பவர்கள் சொல்லிச் சொல்லி, அது இப்போது நம் ஊர்க் கடைகளுக்கும் வந்துவிட்டது. அவர்கள் அளவில் அது சரியான யோசனை. அவர்கள் படகில் ஓட்டுகிற இடத்துக்கு மேலே கூரை உண்டு. இன்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் பேட்டரியை நிரப்பிக்கொண்டே இருக்கும்; துறைக்குத் திரும்பினால் கரை மின்சாரத்தில் சொருகிவிடலாம். தூத்துக்குடித் திரேஸ்புரத்து ஃபைபர் வள்ளத்தில் இவற்றில் ஒன்றும் கிடையாது. ஆகவே அந்த ஆலோசனையைப் பிரித்துப் பார்த்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் அங்குலம். திரையின் அளவை மூலைக்கு மூலை அளக்கிறார்கள். 7லிருந்து 9க்குப் போனால் கூடுவது இரண்டு அங்குலம்தான் என்று தோன்றும். பரப்போ 65 சதவீதம் கூடுகிறது. 7க்கும் 12க்கும் இடையில் பரப்பு கிட்டத்தட்ட மூன்று மடங்கு. சென்டிமீட்டரில் சொன்னால், இப்போது வரும் அகலத் திரைகளில் 7 அங்குலம் என்பது சுமார் 15.5க்கு 8.7, 9 அங்குலம் 19.9க்கு 11.2, 12 அங்குலம் 26.6க்கு 14.9. உயரம்தான் எல்லாவற்றிலும் குறைவு என்பதைக் கவனியுங்கள். இந்தக் குறை எக்கோ பார்க்கும்போது கடிக்கும்.

பெரிய கப்பல்களுக்கு இந்தக் கேள்வியே இல்லை. சர்வதேச கடல்சார் அமைப்பு விதியாகவே எழுதி வைத்துவிட்டது. மின்னணுக் கடல் வரைபடக் கருவியில் வரைபடம் தெரியும் பகுதி குறைந்தது 270க்கு 270 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ரேடார் படத்தின் விட்டம் 500 டன்னுக்குக் கீழுள்ள கப்பலில் 180 மில்லிமீட்டர், பத்தாயிரம் டன் வரை 250, அதற்கு மேல் 320. நம் கடைக்காரர் பெருமையாகக் காட்டும் 12 அங்குலத் திரையின் உயரம் 149 மில்லிமீட்டர்தான். ஆகச் சிறிய கப்பலின் ரேடார் வட்டம்கூட அதற்குள் அடங்காது. இந்த விதிகள் மீன்பிடிப் படகுக்குப் பொருந்துவன அல்ல. ஆனால் அதே அமைப்பு எழுத்தளவுக்குச் சொன்ன கணக்கு எந்தப் படகுக்கும் உதவும்: பார்க்கும் தூரம் எத்தனை மீட்டரோ, அதை 3.5ஆல் பெருக்கினால் வருகிற மில்லிமீட்டர் அளவுக்காவது எழுத்து உயரம் இருக்க வேண்டும்.

என் மதிப்பில் விவகாரத்தின் மையம் இதுதான். படகின் நீளத்தை வைத்துத் திரையளவு சொல்கிறார்கள். கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தூரத்தை வைத்துச் சொல்ல வேண்டும். விசைப்படகின் வீல்ஹவுஸில் சக்கரத்தைப் பிடித்து நிற்கும் டிரைவருக்கும் எதிர்ப்பலகைக்கும் இடையில் முக்கால் மீட்டர் இருந்தால் அதிகம். எழுத்து 2.6 மில்லிமீட்டர் இருந்தால் படித்துவிடலாம். சின்ன வள்ளத்தில் நிலைமை தலைகீழ். ஓட்டுபவர் பின்னணியத்தில் உட்கார்ந்திருப்பார். கருவி தண்ணீர் படாமல் முன்னால் ஒரு பெட்டிக்குள் இருக்கும். ஒன்றரை மீட்டர் தூரம் என்றால் எழுத்து 5 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும். சிறிய படகுக்குத்தான் பெரிய திரை வேண்டும் என்று கணக்கு முடிகிறதே என்றால், ஒரு வகையில் அப்படித்தான். நாற்பது வயதைத் தாண்டியவர் என்றால் இன்னும் மோசம். வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டால் உப்புச் சாரல் ஐந்து நிமிடத்தில் அதை மறைத்துவிடும்.

இதற்கு விடை பெரிய திரை அல்ல. ஃபைபர் வள்ளக்காரருக்கு ஓட்டத்தின் பெரும்பகுதி நேரம் வேண்டியவை மூன்று நான்கு எண்கள்: போகவேண்டிய பாயிண்ட் எவ்வளவு தூரம், எந்தத் திசை, என்ன வேகம், எத்தனை பாகம் (ஃபாதம்) தண்ணீர். வரைபடப் பக்கத்தை மூடிவிட்டு எண் பக்கத்தைத் திறந்தால் 5 அங்குலத் திரையிலேயே விரற்கடை உயரத்தில் எண் தெரியும். கருவியை ஒரு முழம் கிட்டத்தில் கொண்டுவந்து மாட்டுவதும் இலவசமாகக் கிடைக்கிற இரண்டு அங்குலம்தான். கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை. சொல்லவேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை.

வரைபடத்தையும் எக்கோவையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டியவருக்குக் கணக்கு வேறு. திரையை நடுவில் இரண்டாகப் பிரித்தால் 7 அங்குலத்தில் ஒரு பாதிக்கு மிஞ்சுவது நாலரை அங்குலத் திரை. 9ஐப் பிரித்தால் 6 அங்குலம். 12ஐப் பிரித்தால் 8க்குக் கொஞ்சம் குறைவு. ஆக, பிரித்துப் பார்க்கிற பழக்கம் உள்ளவர் 7 அங்குலம் வாங்கினால் உண்மையில் இரண்டு கைப்பேசித் திரைகளைத்தான் வாங்குகிறார். அவருக்கு 9தான் அடித்தளம்.

எக்கோவுக்கு அங்குலத்தைவிடப் புள்ளிகள்தான் முக்கியம். பெட்டியின் மேல் 800×480, 1024×600, 1280×720 என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும். மன்னார் வளைகுடாவில் 30 பாகம் ஆழத்தில் வலை விடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 30 பாகம் சுமார் 55 மீட்டர். மேலிருந்து கீழ்வரை 480 புள்ளிகள் உள்ள திரையில் ஒவ்வொரு புள்ளியும் 11 சென்டிமீட்டர் தண்ணீரைக் காட்டுகிறது. பாரை, அதாவது கடலடிப் பாறையை, ஒட்டிக் கிடக்கும் மீன் தரையிலிருந்து பிரிந்து தெரிய அது தாராளம். அதே கருவியோடு 150 பாகத்துக்குப் போனால் ஒரு புள்ளிக்கு 57 சென்டிமீட்டர். தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் நிற்கிற மீன் தரையோடு தரையாக ஒட்டிவிடும். 720 புள்ளித் திரையில் அது 38 சென்டிமீட்டராகக் குறையும். 9 அங்குலத்திலேயே 480 புள்ளியோடு வரும் மலிவு மாடல்கள் இருக்கின்றன. அவற்றை வாங்கினால் படம் பெரிதாகும், தகவல் கூடாது. 1024×600 உள்ள 7 அங்குலம் அதைவிட நல்ல கருவி.

அதற்கும் முந்தியது, படகின் அடியில் இருந்து ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் டிரான்ஸ்டூசர். 200 கிலோஹெர்ட்ஸ் ஒலி ஆழம் குறைந்த தண்ணீரில் நுணுக்கமாகக் காட்டும். 50 கிலோஹெர்ட்ஸ் ஆழத்துக்கு இறங்கும், ஆனால் அகலமாகப் பரவும். பழைய டிரான்ஸ்டூசரின் பின் புதுக்கருவியில் பொருந்தாமல் போவது சாதாரணம். படகு கரையில் இருக்கும்போது மட்டுமே அடியில் துளையிட்டு மாற்ற முடியும் என்பதால், ஜூன் 14க்கு முந்தின வாரத்தில் இதைக் கண்டுபிடிப்பவர்கள் தலையில் கைவைத்துக்கொள்கிறார்கள். மூன்று அங்குலத்தைக் குறைத்து அந்தப் பணத்தில் டிரான்ஸ்டூசரை மாற்றினால் மீன் கூடுதலாகத் தெரியும்.

அடுத்தது மின்சாரம். 7 அங்குலக் கருவி 12 வோல்ட்டில் ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை ஆம்பியர் எடுக்கும். வெயிலில் தெரியும்படி முழு வெளிச்சம் வைத்த 12 அங்குலம் சுமார் மூன்று ஆம்பியர். கையால் இழுத்து ஸ்டார்ட் செய்யும் அவுட்போர்டு வள்ளத்தில் பெரும்பாலும் சார்ஜிங் கிடையாது. பேட்டரியை வீட்டில் போட்டு எடுத்து வருவார்கள். 60 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி என்றால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது. இறக்கினால் அதன் ஆயுள் குறையும். கையில் இருப்பது 30தான். 12 அங்குலம் பத்து மணி நேரத்தில் அதைத் தின்றுவிடும். விளக்குக்கும் வயர்லெஸ்ஸுக்கும் மிச்சமில்லை. 7 அங்குலம் 10 முதல் 15 எடுத்துக்கொண்டு மீதியை விட்டு வைக்கும். வானம் பார்த்த பூமிக்காரனுக்கு இது புரியும்: கண்மாயில் கிடக்கிற தண்ணீருக்குத் தக்கபடிதான் நெல்லா கம்பா என்று முடிவு செய்ய வேண்டும்.

விசைப்படகில் சிக்கல் வேறு திசையில் வரும். லாரி இன்ஜின் ஏற்றிய படகுகளில் 24 வோல்ட் மின்சாரம் உண்டு. விலை குறைந்த 7, 9 அங்குலக் கருவிகள் சில 18 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. 10 முதல் 32 வரை என்று பெட்டியில் இருந்தால்தான் நேரே கொடுக்கலாம். இல்லையென்றால் நடுவில் கன்வெர்ட்டர் வேண்டும். இன்னொன்று, இன்ஜின் ஸ்டார்ட் ஆகும் நொடியில் வோல்ட்டேஜ் விழுந்து திரை அணைந்து மறுபடி உயிர்பெறுவதைப் பலர் கருவியின் கோளாறு என்று கடைக்குத் தூக்கி வருகிறார்கள். பெரும்பாலும் வயர் கோளாறுதான். மெல்லிய வயரை நீளமாக இழுத்திருப்பார்கள். பெரிய திரைக்குத் தடித்த வயர் வேண்டும்.

மாட்டும் இடத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. காந்தத் திசைகாட்டிக்குப் பக்கத்தில் கருவியை வைக்காதீர்கள். எத்தனை சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று கையேட்டில் ஓர் எண் இருக்கும். அதைத் தேட நேரமில்லை என்றால், படகு அசையாமல் இருக்கும்போது கருவியைப் போட்டும் அணைத்தும் முள்ளைப் பாருங்கள். நகர்ந்தால் தள்ளி வையுங்கள். கருவி செத்துப் போனால் கரை சேர்க்கப் போவது அந்த முள்தான்.

இரவில் பெரிய திரை ஒரு தொந்தரவும்கூட. இருட்டுக்குக் கண் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். பளிச்சென்ற வெளிச்சத்தை ஒருமுறை பார்த்தால் அந்தப் பழக்கம் போய்விடும். எதிரே விளக்கில்லாமல் நிற்கும் வள்ளம் தெரியாது. எவ்வளவு பெரியது வாங்கினாலும் இரவு வெளிச்சத்தை எவ்வளவு தூரம் குறைக்க முடிகிறது என்று கடையிலேயே விளக்கை அணைத்துச் சோதியுங்கள். தொடுதிரையும் அப்படியே. உலர்ந்த கையால் கடையில் தொட்டுப் பார்ப்பது வேறு, செதிலும் உப்புமாக இருக்கிற கையால் ஆடுகிற படகில் தொடுவது வேறு. பொத்தான் உள்ள மாடல் கிடைத்தால் விடாதீர்கள்.

எல்லைக் கோட்டுக்காகவே பெரிய திரை வேண்டும் என்ற வாதத்தை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலான கடல் எல்லை 1974, 1976 ஒப்பந்தங்களில் வகுக்கப்பட்டது. மன்னார் வளைகுடாப் பகுதி இரண்டாவதில் வருகிறது. கடலில் கோடு கிடையாது, திரையில் மட்டுமே உண்டு. அது பெரிதாகத் தெரிந்தால் தாண்டமாட்டோம் என்பது நம்பிக்கை. 20 கடல்மைல் அகலத்தை 7 அங்குலத் திரையில் பார்த்தால் ஒரு சென்டிமீட்டருக்கு 1.3 கடல்மைல்; 12 அங்குலத்தில் 0.75. வித்தியாசம் உண்மைதான். ஆனால் வலை வீசிவிட்டு உறங்குகிற படகில் திரையைப் பார்ப்பவர் யார்? அங்கே வேலை செய்ய வேண்டியது எச்சரிக்கை மணி. எல்லைக்கு இத்தனை மைல் முன்னால் அலறு என்று 5 அங்குலக் கருவியிலும் வைக்கலாம். 2023 அக்டோபரில் தருவைக்குளத்துப் படகொன்று 12 மீனவர்களோடு மாலத்தீவுக் கடலோரக் காவல்படையிடம் பிடிபட்டு, இரண்டு கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விழுந்தது. அந்தத் தொகையோடு பார்க்கும்போது எந்த அளவுத் திரையின் விலையும் ஒரு பொருட்டல்ல. ஆகவே வாங்கும்போது கேட்கவேண்டியது மணியின் சத்தம் இன்ஜின் இரைச்சலைத் தாண்டிக் கேட்குமா, வெளியே ஒரு ஹாரன் இணைக்க வழியுண்டா என்பதை.

வரைபடத்தைப் பெரிதாக்கினால் அது துல்லியமாகிவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எத்தனை அங்குலத்தில் பார்த்தாலும், என்றைக்கோ அளந்த ஆழம்தான் அதில் இருக்கும். மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் தூத்துக்குடிக்கு அருகில் இருந்த விலாங்குச்சல்லி கடலுக்குள் போய்விட்டது. புதுப்பிக்காத வரைபடம் பழையதைத்தான் காட்டும். 16 அங்குலத்தில் இன்னும் அழகாகக் காட்டும்.

மாற்றும்போது அங்குலத்தைவிடப் பெரிய நஷ்டம் ஏற்படக்கூடிய இடம் ஒன்றிருக்கிறது: பழைய பாயிண்ட்கள். கரையில் தெரியும் கோபுரத்தையும் புகைபோக்கியையும் நேர்பிடித்துப் பார் கண்டுபிடித்த காலம் போய், 2000 மே மாதம் அமெரிக்கா ஜிபிஎஸ் சமிக்ஞையை வேண்டுமென்றே பிசகச் செய்வதை நிறுத்திய பிறகு, சில மீட்டர் துல்லியத்தில் பாரைக் குறித்து வைக்க முடிந்தது. ஒரு டிரைவரின் பல வருட உழைப்பு அந்தப் பாயிண்ட்களில் இருக்கிறது. அவற்றைப் புதுக் கருவிக்குக் கையால் எழுதும்போது டிகிரி-நிமிடமா, தசம டிகிரியா என்று பார்க்காமல் போட்டால் போச்சு. 8 டிகிரி 48.5 நிமிடம் என்பதை 8.485 டிகிரி என்று அடித்தால் படகு 19 கடல்மைலுக்கு மேல் தெற்கே போய் நிற்கும். பழைய கருவியில் எந்த முறை இருக்கிறதோ அதையே புதியதிலும் முதலில் வைத்துவிட்டுப் பிறகு எழுதத் தொடங்குங்கள். ஆழத்தையும் மீட்டரிலிருந்து ஃபாதமுக்கு மாற்றுங்கள். பாகத்தில் யோசிக்கிறவர் மீட்டரில் பார்த்தால் தடுமாறுவார்.

கைப்பேசி போதாதா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். டவர் இல்லாவிட்டாலும் கைப்பேசியின் ஜிபிஎஸ் வேலை செய்யும். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்திருந்தால் போதும். ஆனால் வெயிலில் சூடேறி மங்கும், ஈரக் கைக்கு மசியாது, ஆழம் காட்டாது. இரண்டாவது கருவியாக இருக்கட்டும்.

இரண்டாவது கருவி என்றதும் என் முடிவுக்கு வருகிறேன். ஃபைபர் வள்ளத்துக்கு 5 அல்லது 7 அங்குலம் போதும். கிட்டத்தில் மாட்டுங்கள், மிஞ்சிய பணத்தில் நல்ல பேட்டரி வாங்குங்கள். காலையில் போய் இரவு திரும்பும் தூத்துக்குடி விசைப்படகுக்கு 720 புள்ளி உள்ள 9. பல நாள் தங்கும் தருவைக்குளத்துச் செவுள்வலைப் படகுகளுக்கு 12 நியாயம்தான். கப்பல் பாதையில் இரவில் நிற்கிற படகு, தங்கள் இடத்தை ஏஐஎஸ் என்ற ரேடியோ சமிக்ஞையில் அறிவித்துக்கொண்டு வரும் கப்பல்களையும் அதே திரையில் பார்க்க வேண்டும். ஆனாலும் எனக்கென்னவோ ஒரு 12க்குப் பதில் ஒரு 9ஐயும், தனி ஃபியூஸில் ஒரு 7ஐயும் மாட்டுவதே மேல் என்று படுகிறது. ஒன்று போனால் ஒன்று இருக்கும். ஒன்றில் எக்கோ, ஒன்றில் வரைபடம் என்று எதையும் பிரிக்காமல் பார்க்கலாம். 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலின்போது பலருக்கு இல்லாமல் போனது கரையோடு பேசும் வழி. எனவே ஆபத்துச் செய்தி அனுப்பும் கருவியும் உயிர்காப்பு உடுப்பும் வாங்கி முடித்த பிறகே அங்குலத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

கடைக்குப் போகும் முன் மேலே சொன்ன சென்டிமீட்டர் அளவில் மூன்று அட்டைகளை வெட்டி, ஒவ்வொன்றிலும் 8°48.500' என்று எழுதி, மாட்டப் போகிற இடத்தில் ஒட்டிவிட்டு, ஓட்டுகிற இடத்தில் நடுமத்தியானம் உட்கார்ந்து பாருங்கள். டிரைவரையும் உட்காரச் சொல்லுங்கள். பார்க்கப் போவது அவருடைய கண்.